எமன் வாசல்வரை போய் வந்த பிள்ளைகள்... தெரியுமா?

டெல்லியில் 69 ஆண்டுகள் துடித்த ஓர் இதயம், விமானம் ஏறி சென்னைக்கு வந்து, கராச்சியிலிருந்து வந்திருந்த 19 வயதுப் பெண்ணின் மார்புக்குள் மறுபடி துடிக்கத் தொடங்கியது! கதையல்ல, 2024 ஜனவரி 31 அன்று நம் சென்னையில் நடந்தது. 'செத்துப் பிழைத்தேன்' என்று நாம் பேச்சுவாக்கில் சொல்கிறோமே, அதை நிஜமாகவே அனுபவித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களை மீட்டுக் கொண்டுவந்த கைகள் எத்தனை, வழிகள் எத்தனை என்று தேடினால் தலை சுற்றுகிறது. அதைவிட ஆச்சரியம், அந்த வழிகளில் பல நம் கிண்டியைத் தொட்டுக்கொண்டுதான் போகின்றன!

எல்லை தாண்டி வந்த பெண்ணுக்கு இதயம் கிடைத்தது எப்படித் தெரியுமா?

அந்தக் கராச்சிப் பெண்ணுக்கு 2019லேயே இதயம் பலவீனமாகிவிட்டது. சென்னைக்கு அழைத்து வந்தார்கள். தள்ளாடும் இதயத்துக்குத் துணையாக ஒரு பம்ப் பொருத்தப்பட்டது. சில ஆண்டுகளில் அதுவும் போதாமல் போக, மாற்று இதயம் ஒன்றே வழி என்ற நிலை. அமைந்தகரை எம்ஜிஎம் ஹெல்த்கேர் மருத்துவமனையில் டாக்டர் கே.ஆர். பாலகிருஷ்ணன், டாக்டர் சுரேஷ் ராவ் குழுவினர் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். அறக்கட்டளை ஒன்று கைகொடுத்ததால் அந்தக் குடும்பம் பணம் கட்டவே வேண்டியிருக்கவில்லை!

வெளிநாட்டவருக்கு எப்படிக் கொடுத்தார்கள் என்று கேட்கிறீர்களா? கொடையாக வரும் உறுப்பு முதலில் இந்திய நோயாளிகளுக்குத்தான். பொருத்தமான இந்தியர் யாருமே இல்லை என்றால் மட்டுமே வெளிநாட்டவரின் முறை வரும். இல்லாவிட்டால் வீணாகப் போயிருக்கக்கூடிய ஓர் இதயம், 19 வயதுப் பெண்ணுக்கு மறுபிறவி கொடுத்துவிட்டது. உடம்பு தேறியதும் ஃபேஷன் டிசைனராக வேண்டும் என்று ஆசையைச் சொன்னாளாம் அந்தப் பெண்!

உடலை விட்டு வெளியே வந்த இதயத்துக்கு எவ்வளவு நேரம் கெடு தெரியுமா?

சுமார் 4 மணி நேரம்! சிறுநீரகம் என்றால் ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்கும். கல்லீரல் ஏறத்தாழ 12 மணி நேரம் தாங்கும். இதயத்துக்குத்தான் பொறுமையே கிடையாது. எடுத்த நிமிடத்திலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும்.

எடுப்பதற்கு முன் பொட்டாசியம் கலந்த குளிர்ந்த திரவத்தைச் செலுத்துவார்கள். துடிப்பு அப்படியே நின்றுவிடும். பிறகு குளிர்ந்த திரவத்தோடு ஒரு பையில் போட்டுக் கட்டி, அதை இன்னொரு பையில் போட்டு, அதையும் மற்றொன்றில் போட்டு, கடைசியாக ஐஸ் நிரப்பிய பெட்டியில் வைப்பார்கள். ஏன் இத்தனை உறை? ஐஸ் நேரடியாகப் பட்டால் தசை உறைந்து கெட்டுவிடும். குளிர்ச்சி வேண்டும், உறைந்துவிடக் கூடாது!

இப்போது கிண்டிக்கு வாருங்கள். வெளியூரிலிருந்து விமானத்தில் வரும் இதயம் அடையாறு பக்கம் போக வேண்டும் என்றால் மீனம்பாக்கம், ஆலந்தூர், கத்திப்பாரா, கிண்டி, ஹால்டா, சர்தார் படேல் சாலை, ஆளுநர் மாளிகை, ஐஐடி, மத்திய கைலாஷ்... இதுதான் நேர்வழி. மாலை 6 மணிக்கு கிண்டியில் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும், ஒரு சிக்னலைத் தாண்டவே எவ்வளவு நேரம் ஆகும் என்று! அதே சாலையில், போக்குவரத்துக் காவலர்கள் வரிசையாக நின்று, ஒரு சிக்னலிலிருந்து அடுத்த சிக்னலுக்கு வயர்லெஸ்ஸில் தகவல் சொல்லிச் சொல்லி, ஆம்புலன்ஸ் எங்கும் நிற்காமல் போக வழிவிடுகிறார்கள். இதற்குத்தான் 'கிரீன் காரிடார்' என்று பெயர். இப்படித்தான் 2014 ஜூன் 16 அன்று சென்ட்ரல் எதிரே உள்ள அரசுப் பொது மருத்துவமனையிலிருந்து அடையாறு மலர் மருத்துவமனைக்கு, சுமார் 12 கிலோமீட்டர் தூரத்தை, 14 நிமிடத்துக்குள் ஓர் இதயம் கடந்தது. காத்திருந்தவர் மும்பையிலிருந்து வந்த 21 வயதுப் பெண்!

தமிழ்நாட்டையே மாற்றிய 15 வயதுப் பையனைத் தெரியுமா?

ஹிதேந்திரன்! பெயரைக் கேட்டதும் பலருக்கு இன்றைக்கும் தொண்டை அடைக்கும். திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த டாக்டர் அசோகன், டாக்டர் புஷ்பாஞ்சலி தம்பதியின் மகன். 2008 செப்டம்பரில் இருசக்கர வாகன விபத்தில் தலையில் பலத்த அடி. சென்னை அப்போலோ மருத்துவமனையில் மூளைச்சாவு உறுதியானது. தாயும் தகப்பனும் மருத்துவர்கள் என்பதால் இனி மகன் எழுந்து வரமாட்டான் என்பது அவர்களுக்குப் புரிந்துவிட்டது. அந்த வேதனைக்கு நடுவே அவர்கள் எடுத்த முடிவு: "உறுப்புகளைக் கொடுத்துவிடுகிறோம்."

மகனின் இதயம் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்குப் போனது. சாதாரண நாளில் முக்கால் மணி நேரம் ஆகும் தூரம். காவல்துறை வழியை ஒழுங்கு செய்துகொடுக்க, எடுத்துக்கொண்ட நேரம் 11 நிமிடம்தான்! முகப்பேரில் டாக்டர் கே.எம். செரியனின் மருத்துவமனையில் அந்த இதயம் 9 வயதுச் சிறுமி ஒருத்திக்குப் பொருத்தப்பட்டது. இந்த செரியன் யார் தெரியுமா? 1975ல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் இந்தியாவின் முதல் இதய பைபாஸ் அறுவைச் சிகிச்சையைச் செய்தவர்!

ஒரு பையன் கொடுத்துவிட்டுப் போனது உறுப்புகளை மட்டுமல்ல, துணிச்சலையும்தான். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் உறுப்புக்கொடை தரக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக முன்வந்தன. செப்டம்பர் 23 இங்கே உறுப்புக்கொடை நாள். 2023ல் அதே நாளில், உறுப்புக்கொடை தந்தவரின் இறுதிச் சடங்கு இனி அரசு மரியாதையோடு நடக்கும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார்.

இன்னொரு பொருத்தத்தையும் கேளுங்கள். தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியதும் அதே மாதம், 2008 செப்டம்பர் 15! நம் கத்திப்பாரா மேம்பாலம் முழுமையாகத் திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான்!

மூளைச்சாவை எத்தனை பேர் சேர்ந்து உறுதிசெய்ய வேண்டும் தெரியுமா?

"உயிர் இருக்கும்போதே உறுப்பை எடுத்துவிடுவார்களோ?" என்று பயப்படுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். 1994ல் வந்த சட்டப்படி 4 மருத்துவர்கள் பரிசோதிக்க வேண்டும். ஒரு தடவை பார்த்தால் போதாது, குறைந்தது 6 மணி நேரம் இடைவெளி விட்டு மறுபடி பார்க்க வேண்டும். உறுப்பை மாற்றிப் பொருத்தும் குழுவைச் சேர்ந்த ஒருவர்கூட இந்த 4 பேரில் இருக்கக் கூடாது!

சோதனைகளில் மிக முக்கியமானது மூச்சுச் சோதனை. ஆக்சிஜன் குறையாமல் பார்த்துக்கொண்டு வென்டிலேட்டரைக் கழற்றுவார்கள். ரத்தத்தில் கரியமில வாயு ஏறிக்கொண்டே போகும். மூளையின் அடித்தண்டில் துளி உயிர் இருந்தாலும் நெஞ்சு ஒருமுறையாவது ஏறி இறங்கிவிடும். கண் இமைக்காமல் மருத்துவர்கள் அந்த நெஞ்சையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கொஞ்சமும் அசைவில்லை என்றால்தான் அடுத்த பேச்சு.

மூளைச்சாவு போலவே தெரிந்து, எழுந்து நடப்பவர்களும் உண்டு தெரியுமா?

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஆச்சரியம்! கட்டுவிரியன் இரவில் ஊர்ந்து வரும். தரையில் பாய்விரித்துத் தூங்குகிறவர்களைக் கடிக்கும். வலியே தெரியாது, பல்லின் தடமும் சரியாகத் தெரியாது. விடியற்காலையில் பிள்ளை "வயிறு வலிக்குதும்மா" என்று எழுந்திருப்பான். கொஞ்ச நேரத்தில் இமை தொங்கும், பேச்சு குழறும், விழுங்க முடியாது, கடைசியில் மூச்சும் நின்றுவிடும்.

வென்டிலேட்டரில் போட்டபின் பார்த்தால், கண்பாவை விரிந்து நிற்கும். டார்ச் அடித்தாலும் சுருங்காது. கிள்ளினாலும் அசைவு இல்லை. பார்க்கிறவர்கள் "எல்லாம் முடிந்தது" என்றே நினைப்பார்கள். ஆனால் அந்தப் பிள்ளைக்கு நினைவு தெளிவாக இருக்கும், காதும் கேட்கும்! விஷம் தாக்கியது மூளையை அல்ல, நரம்பும் தசையும் சந்திக்கும் முனைகளைத்தான். அந்த முனைகள் மறுபடி வளரும்வரை இயந்திரம் மூச்சுவிட்டுக்கொண்டே இருந்தால், சில நாட்களிலோ சில வாரங்களிலோ விரல் அசையும், இமை திறக்கும், பிள்ளை எழுந்து உட்காருவான்! அதனால்தான் விஷக்கடியோ, மயக்கமருந்தோ, உடல் சில்லிட்டுப் போனதோ காரணமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும்வரை மூளைச்சாவுச் சோதனைக்கே போகக் கூடாது என்கிறது மருத்துவம். அப்படிக் கிடக்கும் பிள்ளையின் பக்கத்தில் நிற்பவர்கள் அழுது புலம்பாமல், "உனக்குச் சரியாயிடும்டா கண்ணு, நாங்க இங்கேயேதான் இருக்கோம்" என்று சொல்லுங்கள். அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான்!

விஷத்தை முறிப்பதில் கிண்டிக்கு என்ன பங்கு தெரியுமா?

பள்ளிச் சுற்றுலாவில் நாம் எல்லோரும் பார்த்த கிண்டி பாம்புப் பண்ணை, 1972 முதல் அங்கே இருக்கிறது. ஆரம்பித்தவர் ரோமுலஸ் விட்டேக்கர். பாம்பைக் கண்டால் அடிப்பதுதான் வழி என்றிருந்த ஊரில், விஷமுள்ளது எது, இல்லாதது எது என்று தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்த இடம்.

பாம்பு பிடிப்பதில் இருளர்களுக்கு ஈடு யார்? அவர்களுக்காக 1978ல் ஒரு கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. வடநெம்மேலியில் அவர்கள் பாம்பிலிருந்து விஷம் எடுத்து, சில வாரங்களில் பாம்பை மறுபடி காட்டில் விட்டுவிடுகிறார்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷமும் அங்கிருந்து மருந்து தயாரிக்கும் நிறுவனங்களுக்குப் போகிறது. 2023ல் இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தபோது நாடே திரும்பிப் பார்த்தது!

கிண்டி என்றால் பலருக்கும் ரேஸ் கோர்ஸ் குதிரை நினைவுக்கு வரும். பாம்புக்கடி மருந்தும் குதிரை கொடுக்கும் கொடைதான் தெரியுமா? குதிரைக்குத் துளித்துளியாக விஷத்தைச் செலுத்துவார்கள். அதன் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் உருவாகும். அதைப் பிரித்தெடுத்து, சுத்தம் செய்து, காயவைத்து, வெள்ளைப் பொடியாகக் குப்பியில் அடைப்பார்கள். நர்ஸ் அதில் 10 மில்லி நீர் விட்டு மெதுவாகச் சுழற்றிக் கரைப்பார். குலுக்கினால் நுரைத்துவிடும்! தொடக்கத்திலேயே இப்படி 8 முதல் 10 குப்பிகள் தேவைப்படும்.

கிண்டியின் கிங் இன்ஸ்டிடியூட் இந்த மருந்தைத் தயாரித்த நிறுவனங்களில் ஒன்று. 1899ல் பெரியம்மைத் தடுப்பு மருந்துக்காகத் தொடங்கப்பட்ட இடம் அது. பெரியம்மையிலிருந்து கொரோனா பரிசோதனைவரை, அந்த வளாகம் காப்பாற்றிய உயிர்களுக்குக் கணக்கே இல்லை. இப்போது அதே வளாகத்தில்தான் 2023 ஜூன் 15 அன்று திறந்த 1000 படுக்கைகள் கொண்ட கலைஞர் நூற்றாண்டு உயர்சிறப்பு மருத்துவமனை நிற்கிறது!

இன்னும் ஒரு விஷயம். இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறப்பதாக ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். கடித்த இடத்தைக் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள், மந்திரிக்கப் போகாதீர்கள். கையையோ காலையோ அசையாமல் வைத்து, நேராக மருத்துவமனைக்குப் போங்கள்!

மாற்றிவைத்த இதயம் யார் சொல்லித் துடிக்கிறது தெரியுமா?

யாரும் சொல்வதில்லை! ஒருவரின் உடலிலிருந்து எடுக்கும்போது இதயத்துக்குப் போகும் நரம்புகள் எல்லாம் அறுபட்டுவிடும். ரத்தக்குழாய்களைத் தைக்கலாம், நரம்பைத் தைப்பதில்லை. ஆனாலும் துடிக்கிறதே, எப்படி? மின்வாரிய லைன் அறுந்தாலும் சொந்த இன்வெர்ட்டரில் ஓடும் வீடு மாதிரி, இதயத்துக்குள்ளேயே துடிப்பை உண்டாக்கும் ஒரு சின்ன முடிச்சு இருக்கிறது.

தையல் முடிந்து, பெரிய ரத்தக்குழாயை அழுத்திப் பிடித்திருந்த கிளாம்பை எடுக்கும் நொடி இருக்கிறதே! சூடான ரத்தம் உள்ளே பாய்கிறது. வெளிறிக் கிடந்த தசை சிவக்கிறது. முதலில் ஒழுங்கில்லாத ஒரு நடுக்கம். தேவைப்பட்டால் சின்னதாக ஒரு மின்னதிர்ச்சி. அடுத்து ஒரு துடிப்பு, இன்னொரு துடிப்பு... மானிட்டரில் கோடு எழும்பி எழும்பி ஓடத் தொடங்குகிறது!

வேகத்தைக் குறைக்கச் சொல்லும் நரம்பு இல்லாததால் இந்த இதயம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிடத்துக்கு 90 முதல் 110 முறை துடிக்கும். மாடிப்படி ஏறினால் உடனே வேகம் எடுக்காது. ரத்தத்தில் அட்ரினலின் வந்து சேர்ந்தபிறகுதான் கூடும். ஏறி முடித்து உட்கார்ந்த பிறகும் கொஞ்ச நேரம் வேகமாகவே ஓடும். அதனால்தான் இப்படிப்பட்ட பிள்ளைகளை "முதலில் மெதுவாக நட, பிறகு ஓடு" என்று பழக்குகிறார்கள்.

ஒரு பிடி மண் உயிர் காத்தது தெரியுமா?

உடம்பு லேசில் விடுமா? 'இது என் உறுப்பு இல்லை' என்று கண்டுகொண்டு புதிய இதயத்தைத் தாக்கும். 1967 டிசம்பர் 3 அன்று தென்னாப்பிரிக்காவில் கிறிஸ்டியன் பர்னார்ட் உலகின் முதல் மனித இதய மாற்று அறுவைச் சிகிச்சையைச் செய்தபோது, நோயாளி உயிரோடு இருந்தது 18 நாட்கள்தான். உடம்பின் எதிர்ப்பை அடக்கக் கொடுத்த மருந்துகள் கிருமிகளுக்கு வழிவிட்டுவிட்டன.

அந்தச் சிக்கலைத் தீர்த்த மருந்து எங்கே கிடைத்தது தெரியுமா? நார்வே நாட்டு மலைமேட்டு மண்ணில்! சாண்டோஸ் என்ற மருந்து நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் 1969ல் விடுமுறைக்குப் போன இடத்தில் அள்ளி வந்த மண்ணில் ஒரு பூஞ்சை இருந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் சைக்ளோஸ்போரின். அதன் பிறகே உறுப்பு மாற்றம் உலகமெங்கும் பரவியது. இந்தியாவில் முதல் வெற்றிகரமான இதய மாற்றத்தை 1994 ஆகஸ்ட் 3 அன்று டெல்லி எய்ம்ஸில் டாக்டர் பி. வேணுகோபால் செய்தார். இன்றைக்கும் மாற்று இதயம் பெற்றவர்கள் ஆயுளுக்கும் மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிடக் கூடாது!

கார்க் பந்து இதயத்தை நிறுத்திவிடும் தெரியுமா?

ஆரோக்கியமான பையன், நெஞ்சில் பந்து பட்டதும் சுருண்டு விழுகிறான். எலும்பு உடையவில்லை, இதயத்தில் காயமும் இல்லை. ஆனால் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே, நொடியில் நூற்றில் சில பங்கே நீடிக்கும் ஓர் ஆபத்தான கணத்தில் அடி விழுந்ததால் தாளம் குலைந்துவிட்டது! மார்புக்கூடு இன்னும் இறுகாத பதின்ம வயதுப் பையன்களுக்குத்தான் இது அதிகம் நேர்கிறது.

பக்கத்தில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும்? தண்ணீர் தெளித்துக்கொண்டு நிற்காதீர்கள். ஒருவர் 108க்குப் பேசட்டும். இன்னொருவர் நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டே இருக்கட்டும். உதவி வரும்வரை நிறுத்தக் கூடாது. அந்தச் சில நிமிடங்கள்தான் மறுபிறவி!

மறுபிறவி எடுத்த வேறு பிள்ளைகளைத் தெரியுமா?

* 1922 ஜனவரியில் டொரன்டோவில் 14 வயது லியோனார்டு தாம்சன், எடை 30 கிலோகூட இல்லாமல், சர்க்கரை நோயால் சாகக் கிடந்தான். உலகிலேயே முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்டது அவனுக்குத்தான். மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்!

* 1971 டிசம்பர் 24 அன்று பெரு நாட்டில் நடுவானில் சிதறிய விமானத்திலிருந்து இருக்கையோடு விழுந்தாள் 17 வயது ஜூலியானா. விமானத்தில் இருந்த 92 பேரில் பிழைத்தது அவள் ஒருத்தி! 'ஓடையைப் பிடித்துப் போனால் மனிதர்கள் இருப்பார்கள்' என்று அப்பா சொல்லிக்கொடுத்ததை நினைவில் வைத்து, அமேசான் காட்டுக்குள் பல நாட்கள் நடந்தே ஆட்களைக் கண்டுபிடித்தாள்.

* 2004ல் அமெரிக்காவில் வௌவால் கடித்து ரேபிஸ் முற்றிய 15 வயதுப் பெண் உயிர் பிழைத்தாள். தடுப்பூசியே போடாமல் அந்த நோயிலிருந்து மீண்டதாக அறியப்பட்ட முதல் ஆள்! ஆனால் இது அரிதிலும் அரிது. நம் குன்னூரில் 1907 முதல் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் இயங்குவதே ரேபிஸுக்கு ஊசிதான் வழி என்பதால். நாய் கடித்தால் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுங்கள், அன்றைக்கே ஊசி போடுங்கள்!

அடிபட்டவரைத் தூக்கிச் சென்றால் போலீஸ் தொல்லை இல்லை தெரியுமா?

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ல் வந்த திருத்தம், விபத்தில் உதவுகிறவரைப் பாதுகாக்கிறது. பெயர், முகவரி சொல்லும்படி உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். எந்த ஊர்க்காரர், என்ன வருமானம் என்ற கேள்வியே கிடையாது. ஜிஎஸ்டி சாலையில் யாராவது விழுந்து கிடந்தால் வீடியோ எடுக்காதீர்கள், 108க்குப் பேசுங்கள்!

அட்டை வாங்கிவிட்டால் போதாது தெரியுமா?

இதைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். 18 வயது ஆன எவரும் ஆதார் எண்ணோடு உறுப்புக்கொடைக்கு இணையத்தில் பதிவு செய்யலாம். ஆனால் நாளைக்கு அந்த நேரம் வரும்போது மருத்துவர்கள் சம்மதம் கேட்பது குடும்பத்தாரிடம்தான். உங்கள் விருப்பம் அவர்களுக்குத் தெரியாவிட்டால், துக்கத்தின் நடுவே அவர்கள் தடுமாறிப் போவார்கள். 18 வயதுக்குக் கீழே என்றால் முடிவு பெற்றோர் கையில்.

கராச்சிப் பெண் கண் திறந்தது, பெயர் தெரியாத ஒரு டெல்லிக் குடும்பம் சரி என்றதால். 9 வயதுச் சிறுமிக்கு இதயம் கிடைத்தது, திருக்கழுக்குன்றத்தில் ஒரு தாயும் தகப்பனும் சரி என்றதால். அந்தச் 'சரி' நம் வீட்டிலும் பிறக்கலாம். ஹெல்மெட் போடாமல் பிள்ளைகளை வண்டியில் அனுப்பாதீர்கள். இன்று இரவு சாப்பாட்டு நேரத்தில் டிவியை நிறுத்திவிட்டு வீட்டில் உள்ள எல்லோரிடமும் சொல்லுங்கள்: "எனக்கு ஏதாவது ஆனால் என் உறுப்புகளைக் கொடுத்துவிடுங்கள்."